பந்தல் போட்ட தூண்

இதில் ஒரு எழுத்துப் பொய் என்றாலும் நான் பாலமில்லாத ஆற்றில் பாதியிலே நிற்கக் கடவேன். ஆற்று மணல் மேல் ஆணை. ஆற்றில் ஏதய்யா மணல் என்று கேட்பீர்கள். சரி, லாரிக்காரர்கள் விட்டுவைத்த மிச்சத்தின் மேல் ஆணை. அன்றைக்கு அடித்த வெயிலில், தூண் உச்சியில் நீர்க்காகம் இட்ட முட்டை இட்ட இடத்திலேயே அவிந்துபோனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். முட்டையை நம்பாதவர்கள் வைகுண்டத்தையாவது நம்புங்கள். அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், கையிலே பாதி குடித்த இளநீர்.

பாலங்களின் தரம் பார்க்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்குள் கைசுத்தம் வைகுண்டம் என்றால்தான் தெரியும், அந்தப் பேரை இன்று காலையில் டீக்கடையில் யாரோ சொன்னபோது அவருக்கு உள்ளங்கை அரித்தது, இன்னும் அரிக்கிறது. தலைக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா, காலுக்குக் கீழே சரளை, இடது கைப் பக்கம் தூண். தூண் என்றால் வெறும் தூண், மேலே தளம் கிடையாது. தளம் போடுமுன் பணம் தீர்ந்துவிட்டது என்று வேலையை நிறுத்தினார்கள், மகள் பிரம்மு கல்யாணத்துக்கு முன்னால் எழும்பிய தூண்கள் பிரம்முவின் மகன் காலேஜுக்குப் போன பிறகும் இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் வரிசையாக மொட்டையாக நிற்கின்றன, உச்சியில் கம்பிகள் துருவேறித் தலைவிரித்து, ஊர்க்காரர்கள் பல்வரிசைப் பாலம் என்று பேர் வைத்து, தேர்தலுக்குத் தேர்தல் சுண்ணாம்படித்துச் சின்னம் வரைந்து. தூண் வளரவில்லை, மதிப்பீடு வளர்ந்தது. முதல் மதிப்பீட்டை ஒரு ஆள் கக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தான், திருத்திய மதிப்பீடு ஜீப்பில் வந்தது, திருத்தியதைத் திருத்திய மதிப்பீட்டுக்கு லாரி பிடித்தார்கள், லாரி வாடகையையும் பாலத்துச் செலவிலேயே எழுதினார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சிரித்திருக்கிறார், சிரிக்க என்ன இருக்கிறது. இப்போது மறுபடி பணம் ஒதுக்கியாகிவிட்டது. பழைய தூண்கள் மேலேயே தளம் போடலாமா, இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் ஒரு கண்காணிப்புக் குழுவை அனுப்பியிருக்கிறது, குழு என்று வந்தது ஜெபக்கனி என்கிற ஒரு பெண் பொறியாளரும் துளை போடுகிற மெஷினோடு இரண்டு ஆட்களும். அன்றைக்குத் தரம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மனுஷர் இன்னும் நடமாடுகிறாரே என்று மரியாதைக்கு இவரையும் கூப்பிட்டார்கள். வந்தார். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். உட்கார்ந்து இளநீரை வாயில் வைத்த பிறகுதான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், அதே தூண்.

அதே தூண், கரையிலிருந்து இறங்கினால் முதலில் வருவது, சாமியானாக் கயிற்றைக்கூட அதே வளையத்தில்தான் கட்டியிருக்கிறார்கள், அந்த வளையம் கயிறு கட்டுவதற்கென்றே வைத்ததாக இருக்குமோ, கான்கிரீட் போடும்போதே பந்தலுக்கும் இடம் விட்டுப் போட்டிருப்பார்களோ, மாசானமுத்து செய்வான், செய்யக்கூடியவன். காண்ட்ராக்டரின் மேஸ்திரி அவன், அன்றைக்கு மீசை முளைத்தும் முளைக்காமலும் இருந்தான், இன்றைக்குத் தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக எதிரே நின்று விசிறுகிறான். "என்ன அண்ணாச்சி பலத்த யோசனை? இளநி சூடாயிரும், குடிங்க." அன்றைக்கும் இதைத்தான் சொன்னான், சூடாயிரும், ஒரு சொல் மாறவில்லை. தூணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால்தான் மெஷின், வாழைத்தண்டு உருவுகிற மாதிரி ஒரு முழம் கான்கிரீட்டை உருளையாக உருவி வெளியே வைத்துவிடும். எந்தத் தூணில் உருவுவது என்பதைக் காண்ட்ராக்டர் சொல்லக்கூடாது, அதிகாரி தன் கையால் சாக்பீஸ் வட்டம் போட வேண்டும், வட்டம் போட்ட இடத்தில்தான் மெஷின் தொடும், அந்த ஒன்று நன்றாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் நன்று என்று எழுதிவிடுவது வழக்கம். காண்ட்ராக்டர் யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. பந்தல் மட்டும் போடுவார்கள். வெயிலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நடந்து வருகிறவன் நிழலைப் பார்த்து வருவான், நிழலில் உட்காருவான், இளநீர் குடிப்பான், எழுந்ததும் கைக்கு எட்டின தூணில் வட்டம் போடுவான். அந்த ஒரு தூணுக்கு மட்டும் குறையாத சிமெண்ட், குறையாத கம்பி, காயாமல் ஈரச்சாக்கு சுற்றிப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருப்பார்கள். இது எல்லா அதிகாரிக்கும் தெரியும். தெரியும் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமா, எனக்கு அன்றைக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டார், கேட்டவுடனே இளநீர் புளித்தது.

தெரியும். கையில் சின்னச் சுத்தியல் வைத்திருந்தார் அப்போதெல்லாம், தூணைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், வயிற்றைத் தட்டிப் பார்க்கும் பழைய காலத்து டாக்டர் மாதிரி, ஆபீஸில் கேலி பண்ணுவார்கள். முதல் தூண் கோயில் மணி மாதிரிச் சொன்னது. அடுத்ததும் பரவாயில்லை, அதற்கடுத்தது கொஞ்சம் தொண்டை கட்டின குரல், போகட்டும். ஓடையை ஒட்டின தூண், ஆறு எவ்வளவு வற்றினாலும் தண்ணீர் ஓடுமே அந்த ஓடையை ஒட்டின தூண், நீர்க்காகங்கள் வந்து இறகு காயவைக்கிற தூண், அதைத் தட்டினபோது பொத்தென்றது. பழுத்த பலாவைத் தட்டின மாதிரி. இன்னொரு தடவை தட்டினார், பொத். கொஞ்சம் தள்ளித் தட்டினார், பொத். மழையில் போட்ட கான்கிரீட், ஓடை மண்ணையே வாரிப் போட்டுக் கலக்கியிருக்கிறான்கள் என்று காது சொன்னது. சாக்பீஸை எடுத்தாரா இல்லையா, எடுத்தார், சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது. அப்போதுதான் கண் இருட்டியது. வெயில். குடை கொண்டுவரவில்லை. குடையை வாசலில் மாட்டிவிட்டு மறந்து வந்ததற்குக் காரணம் அன்று சாயங்காலம் பிரம்முவைப் பெண் பார்க்க அக்கரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பூ வாங்க வேண்டும், கேசரிக்குச் சொல்ல வேண்டும், மனைவி கோமு விடிந்ததிலிருந்து "வெள்ளன வந்துருங்க, பாலத்தைக் கட்டி அழுதுக்கிட்டு நிக்காதீங்க" என்று நூறு தடவை சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து மாசானமுத்து குரல், "அண்ணாச்சி, நிழலுக்கு வாங்க, இளநி சூடாயிரும்." போனார். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து அந்தத் தூணில் வட்டம் போடுவோம் என்றுதான் போனார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார், நினைத்ததற்கு யார் சாட்சி. நிழல் குளிர்ந்தது. இளநீர் தொண்டையில் இறங்கினது. எழுந்தபோது கை நீண்டது, கை நீண்ட இடத்தில் முதல் தூண் இருந்தது. ஒரு குடை. ஒரு குடை மட்டும் கையில் இருந்திருந்தால் நாமும் ஓடையோரமே நின்றிருப்போம், குடை இருந்திருந்தால் வேறு ஏதாவது இல்லாமல் போயிருக்கும், செருப்பு, தண்ணீர், எதுவோ, மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம், இன்றைக்கும் குடை எடுத்துவரவில்லையே, இது எதில் சேர்த்தி.

காசு வாங்கவில்லை. ஒரு நாளும் வாங்கவில்லை. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகளை வாசலோடு திருப்பியனுப்பினவர், ஒரு தடவை கோமு யாரோ கொடுத்த வாழைத்தாரை வாங்கி வைத்துவிட்டாள் என்று அந்தத் தாரைத் தோளில் சுமந்து நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்தவர், வழியெல்லாம் ஊர் பார்த்தது, அன்றையிலிருந்துதான் கைசுத்தம். அவர் வாங்கினது நிழல் மட்டும். நிழலை வாங்கினால் யாருக்கும் தெரியாது, பீரோவில் வைக்க வேண்டாம், கணக்குக் காட்ட வேண்டாம். கோமு ஒரு நாள், எதற்கோ சண்டை, ரேஷன் கடைக்காரனைப் பற்றியோ என்னவோ, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள், "நீங்க வாங்கவும் மாட்டீய, வாங்குதவனைத் தடுக்கவும் மாட்டீய." அப்பளம் போட்டாள், பொரிந்தது, அந்தச் சத்தம் இப்போது காதில் கேட்கிறது, சாமியானாத் துணி படபடக்கிறதா. சொல்லிவிடலாம். இப்போதே எழுந்து அந்தப் பெண்ணிடம் போய், அம்மா, ஓடையோரத் தூணைத் துளைத்துப் பார் என்று ஒரே வாக்கியம். ஒரே வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம், உங்களுக்கு எப்படித் தெரியும் சார். அதற்கடுத்தது, அப்போ ஏன் கையெழுத்துப் போட்டீங்க. அப்புறம் விசாரணை, பென்ஷனை நிறுத்திவைப்பார்கள், ஓய்வூதியர் சங்கத்தில் பொங்கலுக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதே ஆட்கள் அதே வாயால் என்ன பேசுவார்கள், கைசுத்தம்னு சொன்னீயளே வே. வாழைத்தார் சுமந்த கதையைக்கூட நாடகம் என்பார்கள். சொல்லாவிட்டால் தளம் போட்டுவிடுவார்கள். ரிப்பன் கட்டி வெட்டுவார்கள். அக்கரையில் பிரம்மு இருக்கிறாள், அன்றைக்குப் பெண் பார்த்துப் பிடித்துப்போய் ஆற்றுக்கு அந்தப் பக்கமே போய்விட்டாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய அணைக்கட்டு வரை சுற்றி பஸ் மாறி பஸ் மாறி வருகிறாள், வந்து செருப்பைக் கழற்றும்போதே திரும்பிப்போகிற பஸ்ஸைப் பற்றிப் பேச்சு. போன வாரம்கூட போனில், "எப்பா, பாலம் மட்டும் வரட்டும், உலை வைங்கன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்னா சோறு கொதிக்கங்குள்ள வந்து நிப்பேன்." வருவாள். வண்டியின் பின்னால் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு வருவாள். லாரிகள் வரும், கரும்பு ஏற்றின டிராக்டர்கள் வரும், பள்ளிக்கூட வேன் வரும், நடு ஓடைக்கு மேலே வரும்போது. பொத். தூக்கத்தில் இந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், கோமு, தேங்காய் விழுந்திருக்கும், படுங்க என்பாள், வீட்டில் தென்னை மரம் கிடையாது.

செருப்புச் சத்தம். ஜெபக்கனி வெயிலில் எல்லாத் தூணையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள், துப்பட்டாவால் தலையைப் போர்த்தி, முகம் செங்கல்லாகி. மாசானமுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான், இளநீரை நீட்டினான், "மேடம், சூடாயிரும்." குடிக்காதேம்மா என்று வைகுண்டம் நினைத்தார், அவள் குடித்துவிட்டாள், ஒரே மூச்சில், குடித்துவிட்டு அப்பாடா என்றாள், அந்த அப்பாடா அவருடைய பழைய அப்பாடாவேதான். "சார், நீங்க அனுபவஸ்தர். எதுல எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்களேன்." கேட்டுவிட்டாள். தானாக வந்து விழுந்தது, இத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தார். "எதுல எடுத்தாலும் ஒண்ணுதாம்மா," என்றது வாய். அது அவர் வாய்தான், குரலும் அவருடையதுதான், சொன்னது மட்டும் யார் என்று தெரியவில்லை. மாசானமுத்து, "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும், அவுக காதே மெஷினு" என்று சிரித்தான், அப்போது அவன் கண் ஒரு விநாடி இவர் கண்ணோடு நின்றது, அன்றைக்கு இவர் ஓடையோரம் தட்டினதை அவனும் கேட்டிருக்கிறான், இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே சத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கிறோம். ஜெபக்கனி எழுந்தாள். கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். கை நீண்டது, எவ்வளவு சாதாரணமாக நீள்கிறது கை, நம் கையும் இப்படித்தான் நீண்டிருக்கும், பார்த்தவனுக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது.

எழுந்தது எப்போது என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார், நாற்காலி சரளையில் கிரீச்சென்று இழுபட்டது, பிளாஸ்டிக் கால்கள் இரண்டு கோடு போட்டுக்கொண்டே வந்தன, நிழல் முடிந்தது, வெயில் பிடரியில் கைவைத்துத் தள்ளியது. நடந்தார். இரண்டாவது தூண், அதற்கடுத்த தொண்டை கட்டின தூண், நீர்க்காகங்கள் உச்சியில் இறகை விரித்தபடி எட்டிப் பார்த்தன, வந்துட்டாரா மனுஷன். வார்த்தை வராவிட்டால் போகட்டும், கால் இருக்கிறது. ஓடையோரத் தூணுக்கு முதுகைக் கொடுத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், நடுவெயிலில், ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு. சாமியானாவுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணாச்சிக்கு வெயிலு தலைக்கேறிட்டு," என்றான் மாசானமுத்து, குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "அண்ணாச்சி, இங்க வாங்க, அங்கன உக்காந்தா மயக்கம் வந்துரும்." அவர் அசையவில்லை. உண்மையிலேயே மயக்கம் வரும்போலத்தான் இருந்தது, தூண் சூடு சட்டையைத் தாண்டி முதுகில் இறங்கியது, உள்ளே பலாப்பழம்.

ஜெபக்கனி சாக்பீஸோடு நின்றபடி அவரைப் பார்த்தாள். பாவம், வயசானவர் என்றுதான் பார்த்தாள். "அவரை ஏன் கூப்பிட்டுத் தொந்தரவு பண்றீங்க, அவருக்கு அங்க உக்காரணும்னு இருக்கு. பந்தலைத் தூக்கிட்டுப் போய் அங்க போடுங்க."

"அங்கன வேண்டாம் மேடம்," என்றான் மாசானமுத்து. அவள் சொல்லி முடிக்குமுன்னே சொன்னான்.

"ஏன்?"

"இல்ல மேடம், அது வந்து, அங்க மண்ணு இளக்கம். பந்தக்கால் ஊனாது."

அவள் அவனைப் பார்த்தாள், அப்புறம் கிழவரைப் பார்த்தாள், அப்புறம் கிழவருக்குப் பின்னால் நிற்கிறதை உச்சிவரை பார்த்தாள். "தூணே ஊனியிருக்கு," என்றாள் மெதுவாக, "பந்தக்கால் ஊனாதா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நாற்காலி போட்ட கோட்டின் வழியாகவே நடந்து வந்தாள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி வட்டம் போட்டாள். சாக்பீஸ் தூள் அவர் காதோரம் உதிர்ந்தது. "எந்திரிங்க சார், மெஷின் வைக்கணும்," என்றாள், எழுவதற்குக் கை கொடுத்துவிட்டு, அந்தக் கையை விடாமலே குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா," என்றார். எவ்வளவு சின்ன வார்த்தை. இதைத் தூக்க முடியாமலா இத்தனை காலம்.

 அவள் திட்டியிருக்கலாம், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கையை விட்டுவிட்டு மெஷின்காரர்களைக் கூப்பிடப் போனாள். மெஷின் இரைந்தது, நீர்க்காகங்கள் கலைந்து ஓடைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. வாழைத்தண்டு வரவில்லை. முதலில் தண்ணீர் கசிந்தது, அப்புறம் மண்ணும் கூழாங்கல்லுமாகப் பொலபொலவென்று கொட்டியது, ஒரு கிளிஞ்சலும் வந்து விழுந்தது, உடையாமல், அப்போதுதான் ஆற்றிலிருந்து எடுத்த மாதிரி. வைகுண்டம் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உள்ளங்கை அரிப்பு நிற்கவில்லை. இந்தத் தூணை இடிப்பார்கள், ஒன்று இப்படியென்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பார்கள், பார்த்தால் எல்லாவற்றையும் இடிப்பார்கள், மதிப்பீடு மறுபடி வளரும், அவ்வளவும் அன்று ஒரே ஒரு வட்டத்தைக் கொஞ்சம் நடந்துபோய்ப் போட்டிருந்தால் வேண்டியிராத செலவு, பிரம்முவின் மகனுக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும்கூட பாலம் வராது, அதுவரை நான் இருப்பேனோ கோமு இருப்பாளோ. மாசானமுத்து சாமியானாவுக்குள்ளே போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ முதுகை வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டிருந்தான். இவர் சட்டைப் பையிலும் போன் அடித்தது.

"எப்பா, இன்னைக்குத்தான பாலம் பாக்க வந்தாவ? என்ன சொல்லுதாவ, போட்டுருவாவளா?"

பிரம்மு. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ குழந்தை அழுகிறது. அவர் தூணைப் பார்த்தார். தூணின் ஓட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் மண் சரிந்தது.

"இப்ப வராது தாயி."

"ஏம்ப்பா?"

"நீ சுத்தியே வா," என்றார். "மெதுவா வா. எவ்வளவு நேரமானாலும் முழிச்சிருக்கேன்."

நடந்தது இவ்வளவுதான். ஒரு பெரிய மனுஷர் மனசுக்குள் ஓடியதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வெயிலில் மயங்கினவரைக் கைத்தாங்கலாக வீடுவரை கூட்டிப் போனவனுக்கு வழியெல்லாம் பேச்சு கேட்காமலா இருக்கும். யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அப்படியே வாய் தவறிச் சொன்னாலும் சொன்ன ஆள் இன்னான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் தடவையும் இந்தத் தடவையும் சாமியானா நம் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போனது. பாக்கி ஒன்றுமில்லை. ஆனால் அக்கரையில் இன்னொரு பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருக்கிறது, நேற்று மாசானமுத்து வந்து, பெரிசா ஒண்ணு வேணும் அண்ணாச்சி, நிழல் நல்லா விழணும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.